தூக்க முடியாத பெயர்

தென்பசார்
6 மார்ச் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

பஸ்ஸும் கப்பலும் மாறி நேற்று நல்லபடியாகத் தீவுக்கு வந்து சேர்ந்தேன். இறைவன் கருணையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மலைப்பக்கம் மழை விட்டதா?

நீங்களும் பிரமேஸ்வரியும் ஓடைக்குத் துணி எடுத்துக்கொண்டு போன நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டேன். அவளிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப நினைத்திருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவளை ஏன் உங்களிடம் விட்டேன் என்பதைப் பெருநாள் கூட்டத்தில் விவரமாகச் சொல்ல முடியவில்லை. இங்கே எனக்கு இருப்பது ஒரே அறை. முன்பாதியில் பைகள், பின்பாதியில் எங்கள் பாய். பனைநாரில் பின்னிய பைக்கு மழைக்காலம் முழுக்கக் கந்தகப் புகை போட்டாக வேண்டும். போடாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை பிடித்த பையைக் கடைக்கார மெலானி அம்மா தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். புகை போடும் நாளெல்லாம் பிரமேஸ் வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பாள். என்னிடம் பின்னல் வேலை செய்கிற நான்கு பெண்களில் கோமாங் அக்கா என்று ஒருத்தர். அவர் ஒருநாள், "பைக்குப் பூஞ்சை வராமப் பாத்துக்கிறே. பிள்ளைக்கு என்ன வருதுன்னு பாக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டார். சம்பளம் கொடுப்பவள் நான்தான். ஆனாலும் அவர் கேட்டதில் தப்பில்லை.

மலேசியத் தோட்டத்துக்குப் போன அவள் அப்பாவை நம்பியிருந்தால் இரண்டு பேரும் பட்டினி கிடந்திருப்போம். இந்தப் பைகள்தான் எங்களுக்குச் சோறு. ஒவ்வொரு பையின் உள்ளேயும் ஒரு துணித்துண்டில் அவள் பெயரைச் சிவப்பு நூலால் தைத்து வைக்கிறேன். நாளெல்லாம் பிரமேஸ்வரி, பிரமேஸ்வரி என்று தைத்துக்கொண்டிருப்பதால் அவள் இங்கே இல்லை என்று முழுசாகத் தோன்றவில்லை.

புகை நெருங்காத இன்னொரு அறை கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முட்டையை வேகவைத்துக் கொடுத்தால் மஞ்சள் கருவைத் துப்பிவிடுவாள். பொரித்துக் கொடுங்கள்.

உங்கள் பாதம் தொட்டு,
வினார்னி


கலிவாரு
27 மார்ச் 1996

என் மகள் வினார்னிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீ சுகமாகச் சேர்ந்ததில் சந்தோஷம். முழங்கால் வலி இருக்கிறது. அது என்னோடுதான் வரும். மழை இன்னும் விடவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கடிதம் எழுத யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. உன் அண்ணன்மார் பட்டாளத்தில் இருந்தபோதும் நானேதான் எழுதினேன். அதனால் எழுத்தில் பிழை இருந்தால் நீ திருத்திப் படித்துக்கொள்.

ஓடையிலிருந்து வந்ததும் குழந்தை உன் செருப்பு இருந்த இடத்தைப் பார்த்தாள். அழவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் போய்க் கோழிகளிடம் கேட்டாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இப்போது சரியாகிவிட்டாள். முட்டை விஷயம் நீ சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஐந்து பிள்ளை வளர்த்தவளுக்கு நீ முட்டை பொரிக்கச் சொல்லித் தருகிறாய்.

அவளுடைய கெட்டிக்காரத்தனத்தைக் கேள். இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்குள் ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்து டீச்சர் ஆகிவிட்டாள். "என் பேரை வெள்ளைக்காரங்க தோள்ல மாட்டிட்டுப் போறாங்க தெரியுமா?" என்று பீற்றிக்கொள்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கிணற்றடியில் பெண்கள் சிரிக்கிறார்கள். அவள் பெயருக்கு நம் பேச்சில் பட்டத்து ராணி என்றல்லவா அர்த்தம்? சார்மி என்னைப் பார்த்து, "நாத்து நடுறவ வீட்டுல மகாராணி எழுந்திரிச்சாச்சா?" என்று கேட்கிறாள். ஐந்து நாள் சந்தைக் கணக்கில் லெகி நாளில் பிறந்தேன் என்று எனக்கு லெகினா என்று பெயர் வைத்தார்கள். இத்தனை வருஷம் எந்த நோவும் இல்லாமல் ஓடிவிட்டது. தாங்காத பெயர் பிள்ளைக்கு நோவு தரும் என்று பிறந்தபோதே சொன்னேன், நீ கேட்கவில்லை. போகட்டும்.

இருமல் இன்னும் இருக்கிறது. இஞ்சியும் பனைவெல்லமும் கொடுக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா, லெகினா


கலிவாரு
14 ஜூலை 1996

என் மகளுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பணம் மட்டும் தபாலில் வந்தது. பணம் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். உடம்பு எப்படி இருக்கிறது?

குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முதல் வாரமே எடை பார்த்த டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளை காற்றாக இருக்கிறாள், சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது, சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள் என்றார். போனோம். கையில் ஊசி குத்தி, மூன்றாம் நாள் வரச்சொல்லிப் பார்த்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நெஞ்சில் கறை இருக்கிறதாம், காசமாம். ஆறு மாசம் விடாமல் மாத்திரை கொடுக்க வேண்டுமாம். நர்ஸம்மா சின்னப் பெண். என் மூத்த பேத்தி வயசுதான் இருக்கும். என்னிடம் விரலை நீட்டி நீட்டிப் பேசுகிறாள்.

இப்போது கேள். மாத்திரை கொடுத்த மறுநாளே பிள்ளைக்கு ஒன்றுக்குச் சிவப்பாகப் போகிறது. செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி. பிள்ளை பயந்து கத்தினாள். நானும் பயந்துபோனேன். இருமல் நெஞ்சில் இருந்தது, இவர்கள் மருந்து கொடுத்து ரத்தத்தைக் கீழே இறக்கிவிட்டார்கள். க்ரோமோ பெரியவரைக் கேட்டேன். பிறந்த நாள் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவர் நம் ஊரில் அவர் ஒருத்தர்தானே. "மருந்து அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் வந்து பாக்கறேன்" என்றார்.

என்ன செய்யட்டும்? உடனே எழுது.

அம்மா


தென்பசார்
22 ஜூலை 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். முன்பே எழுதாததற்கு மன்னியுங்கள். ஒரு பெரிய ஆர்டர் வந்தது. நார் முறுக்கி முறுக்கித் தொடையெல்லாம் தோல் உரிந்துவிட்டது. பேனா பிடிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். இதெல்லாம் சாக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். சாக்குதான்.

அம்மா, பயப்படாதீர்கள். நான் இங்கே ஒரு டாக்டரிடம் போய் விசாரித்தேன். அந்த மாத்திரையின் நிறமே அப்படித்தான் இறங்குமாம். அது ரத்தம் இல்லை. சிவப்பாகப் போனால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று சிரித்தார். ஆனால் ஒன்றைச் சிரிக்காமல் சொன்னார். ஒரு மாசத்தில் பிள்ளை தேறி, சதை பிடித்து, ஓடி விளையாடுவாள். அப்போதுதான் எல்லாரும் மருந்தை நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது என்றார். ஆறு மாசமும் கொடுக்க வேண்டும் அம்மா. ஒருநாளும் விடக்கூடாது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

டாக்டர் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "என்ன தொழில் செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "பிள்ளைய அந்த அறைப் பக்கமே கொண்டுவந்துடாதீங்க" என்றார். எந்தக் கையால் அவளுக்குச் சோறு போடுகிறேனோ அதே கையால்தான் கறையையும் போட்டேனோ என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

பிரமேஸிடம் சொல்லுங்கள், சிவப்பாகப் போனால் அம்மா சாயம் போட்ட நார் மாதிரி என்று. சிரிப்பாள்.

வினார்னி


கலிவாரு
5 செப்டம்பர் 1996

என் மகள் வினார்னிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். தொடைக்குத் தேங்காயெண்ணெய் தடவு. நார் முறுக்கும்போது பழைய துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது?

குழந்தை நன்றாக இருக்கிறாள். கன்னம் வைத்துவிட்டது. சாயங்காலச் சூடு இல்லை. இருமல் இருந்த இடம் தெரியவில்லை. பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் இவள்தான் முதல். அதைச் சொல்லத்தான் டீச்சர் வீடு தேடி வந்தார். அவருக்கு வறுத்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தேன். "உங்க வீட்டுல யாரு இவ்வளவு படிச்சவங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேன்.

குழந்தை மாமரத்தில் ஏறுகிறாள், ஓடையில் குதிக்கிறாள். சோளம் இந்த வருஷம் பரவாயில்லை. கோழி ஒன்று கீரிக்குப் போயிற்று. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நீ கவலைப்படாமல் உன் வேலையைப் பார்.

அம்மா


தென்பசார்
2 அக்டோபர் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அவள் கன்னம் வைத்த செய்தியை இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கோமாங் அக்கா அவர்கள் கோயிலில் பூ வைத்துவிட்டு வந்தார்.

படித்துக் காட்டும்போதுதான் ஒன்று கவனித்தேன். கடிதம் முழுக்கக் குழந்தை, குழந்தை என்றே எழுதியிருக்கிறீர்கள். அவள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. மற்றக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. எனக்கு என்னவோ போல் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் பெயரை எழுதுங்கள்.

இன்னொன்று. கோழி, கீரி, சோளம் எல்லாம் எழுதினீர்கள். மாத்திரை பற்றி ஒரு வரி இல்லை. கொடுக்கிறீர்கள்தானே?

இந்த மாசக் கடைசியில் மழை பிடித்துவிடும் என்கிறார்கள். கந்தகம் வாங்கி வைத்துவிட்டேன். வேறு அறை கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் புகை போட விடமாட்டோம் என்கிறார்கள், விடுகிற இடத்தில் பிள்ளையை வைக்க முடியாது. பைகளை ஒரு இடத்திலும் பாயை ஒரு இடத்திலும் வைக்க இரண்டு வாடகை வேண்டும்.

வினார்னி


கலிவாரு
9 நவம்பர் 1996

என் மகளுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இறைவன் உன் உடம்பைக் காக்கட்டும்.

நீ கேட்டுவிட்டாய், இனி நான் சொல்லாமல் இருக்க முடியாது. நல்ல காரியத்தைச் சொல்வதற்கு எனக்கென்ன பயம்?

க்ரோமோ பெரியவர் வந்து பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பெயரைக் கேட்டார். சொன்னேன். "அடி லெகினா, இந்தச் சின்ன முதுகுல இவ்வளவு கனத்தை ஏத்திட்டு இருமுது, இருமுதுன்னா அது என்ன செய்யும்?" என்றார். அவ்வளவுதான். ஆகஸ்டில் ஒரு வாகே சந்தை நாள் பார்த்து, பனைவெல்லம் போட்டுச் சிவப்புக் கஞ்சியும் தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத் துவா ஓதி, பெயரை மாற்றிவிட்டேன். வாகே நாளில் பிறந்தவளுக்கு வாகினி. தக்கையான பெயர். காதில் புதுப் பெயரை ஊதும்போது சிரித்தாள். அன்றிலிருந்து காய்ச்சல் இல்லை. நீயே கணக்குப் போட்டுப் பார். பள்ளியிலும் மாற்றச் சொல்லிவிட்டேன். பழைய பெயரை இந்த ஊரில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். நான் எழுதவும் மாட்டேன். நீயும் எழுதாதே.

இனிதான் முக்கியம். நீ அங்கே ஒவ்வொரு பையிலும் அந்தப் பெயரைத் தைத்து அனுப்புகிறாய். முகம் தெரியாத மனுஷர்களெல்லாம் எந்தெந்த ஊரிலோ அதை வாய்விட்டுப் படிக்கிறார்கள். ஒரு சின்னப் பிள்ளை எத்தனை பேர் கூப்பிட்டால்தான் போவாள்? நிறுத்து. பையில் பூவைத் தை, மீனைத் தை. அந்தப் பெயர் வேண்டாம். பெயரை விற்கிறாயா, பிள்ளையை வளர்க்கிறாயா என்று சார்மிகூடக் கேட்கிறாள்.

நான் செய்தது உனக்கு வருத்தமாக இருக்கலாம். பிள்ளை ஓடுவதைப் பார்த்தால் வருத்தம் போய்விடும்.

அம்மா


தென்பசார்
15 டிசம்பர் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உங்களுக்கும் இறைவன் நலம் தரட்டும்.

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். மூன்று நாள் பிரசவ வலி பட்டு அவளைப் பெற்று, முதலில் வாயில் வந்த பெயர் அது. நாம் யாரும் ராணி இல்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் வைத்தேன்.

இருந்தும் நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். பெயர் தைக்காமல் ஒரு கட்டுப் பைகளைக் கொண்டு போனேன். மெலானி அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "துண்டு எங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் நம் பக்கத்துச் சுரபாயாக்காரர், இந்த நம்பிக்கை தெரிந்தவர், சிரிக்கவில்லை. "எனக்கும் பிள்ளை இருக்கு, புரியுது. ஆனா பேர் இல்லாத பை சந்தையில குவிஞ்சு கெடக்கு. பிரமேஸ்வரின்னு கேட்டு வாங்க ஜப்பான்ல ஒரு கடையே இருக்கு. நீ பேரை எடுத்தா நான் உன்னை எடுத்துடுவேன், வின்" என்றார். கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து மறுபடி அதே பெயரைத் தைத்தோம். அவர்கள் நான்கு பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெயர் போகட்டும். நான் மறுபடி கேட்கிறேன். மாத்திரை கொடுக்கிறீர்களா? ஆமாம் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

பெருநாளுக்கு வருகிறேன். பதிலை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

வினார்னி


கலிவாரு
14 பிப்ரவரி 1997

வினார்னிக்கு,

நீ போய்ச் சேர்ந்திருப்பாய். சுகமாக இருப்பாய்.

பெருநாள் காலையில் என் முழங்காலில் நெற்றியை வைத்து, தெரிந்து செய்த தப்பும் தெரியாமல் செய்த தப்பும் மன்னியுங்கள் அம்மா என்று கேட்டாய். நானும் தலையைத் தொட்டு மன்னித்தேன். வாய் ஈரம் காயவில்லை. மறுநாள் நீ டவுனுக்குப் போய்விட்டு வந்தவள், தெருமுனையிலேயே நின்று, அத்தனை பேர் பார்க்க, பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். மறந்து கூப்பிட்டாயோ வேண்டுமென்று கூப்பிட்டாயோ, எனக்குத் தெரியாது. குழந்தை என்ன செய்தாள்? என் கையை உதறிவிட்டு "அம்மா" என்று ஓடினாள். ஆறு மாசமாக ஒருத்தர் வாயிலும் வராத பெயர் அது, ஒரே கூப்பிடுதலில் திரும்பி வந்து அவள் முதுகில் ஏறிக்கொண்டது. அன்று சாயங்காலமே உடம்பு கொதித்தது. நீயும்தானே தொட்டுப் பார்த்தாய்.

"அவ என் பிள்ளை, நான் என்ன பேர் சொல்லியும் கூப்பிடுவேன்" என்றாய். நான், "கூப்பிட்டுட்டு நாளைக்குப் பஸ் ஏறிடுவே. காய்ச்சலோட நான்தான் உக்காந்திருப்பேன்" என்றேன். தப்பாகச் சொன்னேனா? நீ பஸ் ஏறிவிட்டாய். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இருமல் திரும்பிவிட்டது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

லெகினா


தென்பசார்
23 பிப்ரவரி 1997

அம்மாவுக்கு,

முதலில் அவளுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். என் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

அன்று நான் டவுனுக்குப் போனது எதற்கு என்று சொல்ல நீங்கள் விடவில்லை. சுகாதார நிலையத்துக்குத்தான் போனேன். பெருநாள் விடுமுறையிலும் அந்த நர்ஸம்மா இருந்தார். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆகஸ்டுக்குப் பிறகு நீங்கள் மாத்திரை வாங்க வரவே இல்லை என்றார். அவரே மலையேறி வீட்டுக்கு வந்தாராம். "பிள்ளைக்குப் பேர் மாத்தியாச்சு, உங்க மருந்து பழைய பேருக்கு எழுதினது" என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினீர்களாம். நான் அதைக் கேட்டுவிட்டு வந்தபோது என் வாயில் வேறெந்தப் பெயர் வரும்? மறந்து கூப்பிடவில்லை, வேண்டுமென்றும் கூப்பிடவில்லை. அலறினேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். எங்கே வருவேன்? இங்கே மழை ஓயவில்லை. நேற்றுகூடப் புகை போட்டோம். தொழிலை மூடிவிட்டு வா என்று அன்று சொன்னீர்கள். மூடிவிட்டு வந்தால் மலையில் எனக்கு என்ன வேலை இருக்கிறது? நீங்கள் இப்போது சாப்பிடுவதும் அந்தப் பெயரைத் தைத்து வந்த சோறுதானே? இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

காய்ச்சல் என் குரலால் வரவில்லை. ஒரு மாசம் கொடுத்து நிறுத்திய மருந்தால் வந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் அந்த மருந்து அவளுக்குக் கேட்காமலே போய்விடும் என்றார் நர்ஸம்மா. என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். செய்கிறேன். மாத்திரையைத் தொடங்குங்கள்.

வினார்னி


கலிவாரு
12 மார்ச் 1997

என் மகள் வினார்னிக்கு அம்மா எழுதுவது. உன் மேல் இறைவன் கருணை இருக்கட்டும்.

உன் கடிதத்தை நிறையத் தடவை படித்தேன். சோற்றைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. போகட்டும், நீ எழுதியது பொய் இல்லை.

குழந்தை இளைத்துவிட்டாள். நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதே. க்ரோமோ பெரியவரை மறுபடி கூப்பிட்டேன். அவர் மறுபடி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "பெத்தவ தைச்சுத் தைச்சு வெச்ச பேரு. தாய், மகள்ங்கிற கட்டு இருக்கிற வரைக்கும் அது அவளை இழுத்துக்கிட்டுத்தான் இருக்கும். கட்டை அவிழ்த்து விடு" என்றார். நம் ஊரில் இது புதுசு இல்லை. சார்மி தன்னைப் பெற்றவளைக் கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அவளும் பிழைத்தாள், தாயும் பிழைத்தாள். இவள் உன்னைச் சித்தி என்று கூப்பிடட்டும். ஊருக்கு வா, போ, துணி எடுத்துக் கொடு, பக்கத்தில் படுக்கவைத்துக்கொள். யார் வேண்டாம் என்றது? ஆனால் அம்மா என்ற சொல் உங்கள் இரண்டு பேர் நடுவில் இருக்கக் கூடாது. நீயும் அவளை வாகினி என்றே கூப்பிட வேண்டும். அப்புறம் அந்தப் பெயரை நீ எத்தனை பையில் தைத்தாலும் அது வேறு யாரோ ஒருத்தியின் பெயர். இவளை ஒன்றும் செய்யாது. உன் தொழிலும் நிலைக்கும்.

என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதினாய். கேட்டுவிட்டேன். நீ ஒப்புக்கொண்டு எழுது. எழுதிய கடிதம் கையில் கிடைத்த அன்றே இவளை முதுகில் கட்டிக்கொண்டாவது சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். சிவப்பாகப் போனாலும் கறுப்பாகப் போனாலும் ஆறு மாசமும் கொடுக்கிறேன். சொன்ன சொல்லை நான் மாற்றியதில்லை, உனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கொடுக்க மாட்டேன். கட்டு இருக்கும்போது மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

உனக்கு அம்மா என்று கூப்பிட ஒரு வாய் வேண்டுமா, இல்லை அந்த வாய் சோறு தின்று கொண்டிருக்க வேண்டுமா? நீயே யோசி.

குழந்தை எழுதிய தாளும் இதில் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துக்கூட நான் கை பிடித்து எழுதவில்லை.

அம்மா

(கூட வைத்த தாள்)

சித்திக்கு

நான் நலம். நீங்கள் நலமா.

இப்போது என் பெயர் வாகினி. இனிமேல் உங்களைச் சித்தி என்று சொல்ல வேண்டுமாம். பெருநாளுக்கு நீங்கள் வந்தபோது அம்மா என்று சொன்னேன். அது பரவாயில்லை என்று பாட்டி சொன்னார். எனக்குத் தெரியாது அல்லவா.

காய்ச்சல் வருகிறது. போகிறது. நான் பள்ளிக்கூடம் போய் நிறைய நாள் ஆகிவிட்டது. டீச்சர் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார். அதில் என் பெயர் எழுதிவிட்டேன். அப்பா பெயர் எழுதிவிட்டேன். அம்மா பெயர் என்று ஒரு கோடு இருக்கிறது. பாட்டியைக் கேட்டேன். சித்தியைக் கேட்டு எழுது என்றார்.

என்ன எழுதட்டும் சித்தி.

வாகினி


தென்பசார்
31 மார்ச் 1997

அன்புள்ள வாகினிக்கு,

சித்தி எழுதுவது. நான் நலம். உன் கடிதம் கிடைத்தது. எழுத்தெல்லாம் வரிசையாக, கோட்டை விட்டு இறங்காமல் அழகாக இருக்கிறது. இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரிடமும் காட்டினேன். கோமாங் அக்கா யார் எழுதியது என்று கேட்டார். ஊரில் என் அக்கா மகள் எழுதியது என்று சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிகிறது.

பாட்டியிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. சித்தி எல்லாவற்றுக்கும் சரி என்று எழுதியிருக்கிறாள் என்று சொல். உடனே கிளம்பச் சொல். மழை பெய்தால் வாழை இலையைப் பிடித்துக்கொண்டு போங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். நர்ஸம்மா கொடுப்பதைத் தினமும் நீயே கேட்டு வாங்கிச் சாப்பிடு. பாட்டி மறந்தாலும் நீ மறக்காதே. கசந்தால் பனைவெல்லம் கடித்துக்கொள்.

உடம்பு தேறினால் அடுத்த பெருநாளுக்கு வந்து பார்க்கிறேன். வராவிட்டாலும் துணி அனுப்புகிறேன். உன் உயரத்தை ஒரு கயிறு வைத்து அளந்து அனுப்பச் சொல்.

டீச்சர் கொடுத்த தாளில் அம்மா பெயர் இருக்கிற கோட்டில் லெகினா என்று எழுது. அழித்து அழித்து எழுதினால் தாள் கிழிந்துவிடும். மெதுவாக, ஒரே தடவையில் எழுதிக் கொடுத்துவிடு.

உன் சித்தி,
வினார்னி